புது ரத்தத்துக்கு ஏழு வருடம்

இதனால் உலகத்தார் அனைவருக்கும், குறிப்பாக ஆரணி சுற்றுவட்டாரத்தாருக்கும் அறிவிக்கப்படுவது யாதெனில்: வேதாகமத்துக்கும் விஞ்ஞானத்துக்கும் இடையே பல நூறு வருடங்களாக நடந்துவந்த சண்டை, வருகிற ஞாயிற்றுக்கிழமை காலை பத்தரை மணிக்கு, பழைய விசைத்தறி ஷெட்டில் நிரந்தரமாக முடித்துவைக்கப்படும். முடித்துவைப்பவர், டாக்டர் பாஸ்டர் ராஜ்குமார். சிறப்பு விருந்தினர், விஞ்ஞானி இளஞ்செழியன், தேசூர். மதியம் சிக்கன் பிரியாணி உண்டு.

இந்த நோட்டீஸ் பஸ் நிலையச் சுவரில், பல் டாக்டர் விளம்பரத்துக்கும் பட்டுச்சேலைத் தள்ளுபடிக்கும் நடுவில் ஒட்டப்பட்டிருந்தது. உலகத்தார் அதைப் படித்துவிட்டு வந்தவாசி பஸ்ஸில் இடம் பிடிக்க ஓடினார்கள்.

பாஸ்டர் ராஜ்குமார் ஊழியத்துக்கு வருவதற்கு முன் பதினோரு வருடம் மருந்துக் கம்பெனிப் பிரதிநிதி. போளூர், ஆரணி, செய்யாறு லைனில் சத்து டானிக் விற்றவர். அவர் பிரசங்கத்தில் இன்றைக்கும் பாவத்துக்கு அறிகுறி, காரணம், மருந்து, எத்தனை வேளை என்ற வரிசை மாறாது. டாக்டர் பட்டத்தை ஒரு வெளிநாட்டுப் பல்கலைக்கழகம் தபாலில் அனுப்பியிருந்தது. அதைச் சட்டம் போட்டு மாட்டியிருந்தார். பல்கலைக்கழகத்தின் விலாசம் ஒரு தபால் பெட்டி எண் என்பதைக் கிட்டப் போய்ப் படித்தவர்கள் மட்டுமே அறிவார்கள். சட்டம் உயரத்தில் இருந்தது.

அவருடைய கண்டுபிடிப்புகள் பல. அவற்றில் தலையாயது ஏழு வருடக் கொள்கை. அதற்கு உயிருள்ள நிரூபணமாக இரண்டு பேரை அவர் மேடையேற்றப் போவதாக இருந்தது: தனசேகரன், பரிமளா.

தனசேகரன் பரிமளாவுக்குத் தாய்மாமன். அம்மாவின் கடைசித் தம்பி. அக்கா மகளைக் கட்டுவது அந்தத் தெருவில் அதிசயம் இல்லை. கட்டாமல் விட்டால்தான் பஞ்சாயத்து. பெண் வெளியே போக வேண்டாம், மாமியார் சொந்தப் பாட்டி, சீர்வரிசையில் தகராறு வராது. கல்யாணத்துக்குப் பிறகும் பரிமளா அவனை மாமா என்றே கூப்பிட்டாள். வேறு எப்படிக் கூப்பிடுவது?

ரொம்ப நாள் கழித்துப் பிறந்த குழந்தைக்குப் பவித்ரா என்று பெயர் வைத்தார்கள். நல்ல சிவப்பு. கண் இரண்டும் வீட்டில் யார் எங்கே போனாலும் கூடவே போகும். கையும் காலும் மட்டும் போட்ட இடத்தில் கிடக்கும். மூன்றாம் மாதம் அழுகை பூனைக்குட்டிச் சத்தமாகச் சுருங்கியது. எட்டாம் மாதம் மூச்சு இழுக்க மறந்துவிட்டது.

வேலூர் ஆஸ்பத்திரியில் காரணம் சொன்னார்கள். அம்மாவிடம் ஒரு தப்பு, அப்பாவிடம் அதே தப்பு. இரண்டும் தனசேகரனுக்கு அப்பா அம்மாவும் பரிமளாவுக்குத் தாத்தா பாட்டியுமான இருவரில் ஒருவரிடமிருந்து வந்திருக்க வேண்டும். இரண்டும் ஒரு குழந்தையிடம் சேர்ந்தால் இப்படி. ஒவ்வொரு தடவையும் நாலில் ஒரு பங்கு வாய்ப்பு.

சொந்தக்காரர்களுக்கு இது ஒப்பவில்லை. "நாங்கெல்லாம் அப்படிக் கட்டினவங்கதான், எங்களுக்கு இன்னா ஆச்சு?" என்றார்கள். குலதெய்வத்துக்குப் பொங்கல் வைக்காத குற்றம் என்று ஒரு கட்சி, கர்ப்பத்தில் கிரகணம் பார்த்தாள் என்று இன்னொரு கட்சி. பரிமளாவின் அம்மா ஒரு கட்சியிலும் சேராமல், தம்பிக்குப் பெண்ணைக் கொடுத்த கையைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள்.

அந்த வீட்டுக்குத்தான் ராஜ்குமார் துக்கம் விசாரிக்க வந்தார். பழைய கம்பெனி பெயர் அச்சடித்த குறிப்புத்தாளில் ஒரு மனித உருவம் வரைந்தார்.

"பிரதர், மனுஷன் உடம்புல இருக்கிற செல்லு எல்லாம் ஏழு வருஷத்துல சுத்தமா மாறிப்போவுது. இது விஞ்ஞானம். ஏழாவது வருஷம் விடுதலை வருஷம். இது வேதம். ஞானஸ்நானம் எடுத்தவன் புது சிருஷ்டி. அன்னைலேருந்து ஏழு வருஷம் எண்ணுங்க. பழைய ரத்தம் ஒரு சொட்டு மிச்சம் இருக்காது. அப்புறம் பெத்துக்குங்க."

துக்கம் விசாரிக்க வந்தவர்களில் தேதி கொடுத்தவர் அவர் ஒருவர்தான். அதைவிட முக்கியம், அவர் யாரையும் குற்றம் சொல்லவில்லை. வேலூர் டாக்டரும் சொல்லவில்லைதான். ஆனால் டாக்டர் சொன்னது பரிமளாவின் காதில் குற்றப்பத்திரிகையாக விழுந்தது. பாஸ்டர் சொன்னது விடுதலைத் தீர்ப்பாக விழுந்தது. ஏழு வருடத் தண்டனைக்குப் பிறகு என்பது ஒரு சின்ன விவரம்.

இருவரும் ஞானஸ்நானம் எடுத்தார்கள். காத்திருந்தார்கள். எப்படிக் காத்திருந்தார்கள் என்பது அவர்களுக்கும் மெடிக்கல் ஷாப்காரருக்கும் தெரியும். ஏழு வருடம் முடிந்த மாதமே முயன்றார்கள். அடுத்த சில மாதங்களில் பரிமளாவுக்கு நாள் தள்ளிப்போனது.

உள்ளூர் டாக்டரம்மா பழைய ஃபைலைப் பார்த்ததும் பேனாவைக் கீழே வைத்துவிட்டு வேலூருக்கு எழுதிக் கொடுத்தார். அங்கே மரபணு ஆலோசனைப் பிரிவில் மதிவதனி என்ற பெண் உட்கார்ந்திருந்தாள். கழுத்தில் மெல்லிய சங்கிலியில் சின்னச் சிலுவை. அதைப் பார்த்ததும் தனசேகரனுக்குத் தெம்பு வந்து, ஏழு வருடக் கொள்கையை முழுவதும் விளக்கினான். அவள் குறுக்கே பேசவில்லை.

"தோல் மாறுதுங்க. ரத்தமும் மாறுது. ஆனா ஒவ்வொண்ணும் மாறறப்போ பழசைப் பாத்துதான் புதுசு எழுதிக்குது. தப்பும் சேத்துதான் எழுதிக்கும்" என்றாள். பிறகு பரிமளாவைப் பார்த்து, "கருமுட்டை மாறவே மாறாதுங்க. நீங்க உங்கம்மா வயித்துல இருக்கிறப்பவே உங்களுக்குள்ள உண்டானது. புதுசா வராது. இருக்கிறதுக்கு வயசாகும், அவ்ளோதான்."

"நீங்க விசுவாசி தானே?" என்றான் தனசேகரன். குரலில் வழக்கறிஞர் தொனி.

"தினமும் ஜெபம் பண்றேங்க. ஜெபம் பண்ணிட்டுதான் ஒவ்வொரு ரிப்போர்ட்டும் பிரிப்பேன். பிரிக்கிறதுக்கு எனக்குத் தைரியம் வந்திருக்கு. உள்ள இருக்கிறது மாறினதில்ல."

பன்னிரண்டாம் வாரம் ஊசியில் நஞ்சுக்கொடியிலிருந்து துளி எடுத்துப் பார்க்கலாம் என்றாள். செவ்வாய்க்கிழமைக்கு நேரம் எழுதிக் கொடுத்தாள். பவித்ராவுக்கு வந்தது இதற்கும் இருக்கிறதா இல்லையா என்று சொல்லிவிடலாம். பரிமளாவுக்கு உலகத்தில் தெரிந்துகொள்ள வேண்டியது அது ஒன்றுதான்.

பாஸ்டருக்கு விஷயம் எட்டியது. "டெஸ்ட் எதுக்கு பிரதர்? விஞ்ஞானமும் வேதமும் ஒத்துப்போயிடுச்சு. ஒத்துப்போனதை மறுபடி சோதிக்கிறது அவிசுவாசம்" என்று போனில் சொன்னார். அதோடு, ஞாயிற்றுக்கிழமை சாட்சிக்கு இருவரும் பட்டு உடுத்தி வர வேண்டும் என்றும் சொன்னார்.

அன்று சாயங்காலம் வீட்டில் பேச்சு முற்றியது. தனசேகரன் ஜக்கார்டு அட்டை குத்துகிறவன். சேலையில் எந்த இடத்தில் எந்த நூல் மேலே தூக்க வேண்டும் என்பதை அட்டையில் உள்ள ஓட்டைதான் தறிக்குச் சொல்லும். முள்ளிப்பட்டு வரைக்கும் அவன் அட்டை போகும். ஓட்டை எண்ணுவதில் அவனை மிஞ்ச ஆள் கிடையாது.

"மாமா, நீயே சொல்லு. அட்டையில ஒரு ஓட்டை தப்பாக் குத்திட்டே. அதைப் பொட்டியில போட்டு ஏழு வருஷம் கழிச்சு எடுக்கிறே. ஓட்டை மூடிகினு இருக்குமா?"

"அட்டைக்கு ஞானஸ்நானம் குடுத்தியா நீ?"

"குடுத்தா ஊறித்தான் போவும்."

"பேஜார் பண்ணாத பரிமளா. ஏழு வருஷம் எண்ணிகினு வந்திருக்கேன். கடைசில வந்து சந்தேகப்பட்டா எல்லாம் கெட்டுப்போவும்."

"நீ எண்ணிகினு இருந்தே. நான் சுமந்துகினு இருக்கேன்."

அவன் ஒரு அட்டையை எடுத்து ஓட்டைகளை முதலிலிருந்து எண்ணினான். செவ்வாய்க்கிழமை வேலூருக்கு வருகிறானா என்று அவள் கேட்டபோதும் எண்ணிக்கொண்டே இருந்தான்.

ஞாயிற்றுக்கிழமை பத்தரை மணிக்கு நடக்க வேண்டிய சமாதானம் பதினொன்றே காலுக்குத் தொடங்கியது. வேதாகமமும் விஞ்ஞானமும் தயார், புரொஜெக்டர் தயாரில்லை. வெள்ளை வேட்டியைத் திரையாகக் கட்டியிருந்தார்கள். வேட்டியின் கரை நட்சத்திர மண்டலத்தின் குறுக்கே ஓடியது.

முதல் ஸ்லைடில் பிரபஞ்சத்தின் பெருவெடிப்பு. வெளிச்சம் வரட்டும் என்று ஆண்டவர் சொன்னபோது கேட்ட சத்தம்தான் அது என்றார் பாஸ்டர். அடுத்ததில் டைனோசர்கள் பேழையில் ஏறாத காரணம்: உயரம். அதற்கடுத்து, திருமலைக் குன்றின் அடிவாரத்தில் தாமே பொறுக்கிய ஒரு சிப்பி, நோவா காலத்து வெள்ளத்தின் சாட்சி. யாரோ வெற்றிலைக்குச் சுண்ணாம்பு வைத்திருந்த தடம் அதில் வெள்ளையாகத் தெரிந்தது. ஆறு நாளை அவர் ஆறு யுகமாக்கினார். யுகம் நீளமாகிவிட்டது என்று ஒரு ஆள் கொட்டாவி விட்டதும் மறுபடி நாளாக்கினார். ஒவ்வொரு சமாதானத்துக்கும் கைதட்டல் விழுந்தது. ஷெட்டுக்குப் பின்னால் பிரியாணி தம்மில் இருந்தது.

சிறப்பு விருந்தினர் இளஞ்செழியன் முன்வரிசையில் பொன்னாடையோடு வியர்த்துக்கொண்டிருந்தார். அவர் தேசூர் பக்கம் விவசாயிகளுக்கு மண் பரிசோதனை செய்து கொடுப்பவர். விஞ்ஞானி என்ற பட்டத்தை அவரே நோட்டீஸில்தான் முதன்முதலாகப் பார்த்தார்.

கடைசியாக ஏழு வருடக் கொள்கை. திரையில் கொழுகொழுவென்று ஒரு வெள்ளைக்காரக் குழந்தை வந்தது. பாஸ்டர் இருவரையும் மேடைக்கு அழைத்து, பரிமளாவின் கையில் மைக்கைக் கொடுத்தார்.

"சிஸ்டர், சபைக்கு உங்க சாட்சி."

"ஜல்தியா சொல்லும்மா, பசிக்குது" என்றது பின்வரிசை.

பரிமளா மைக்கை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டாள்.

"சாட்சி இல்லீங்க பாஸ்டர். ஒரு கேள்வி. உடம்புல எல்லாம் ஏழு வருஷத்துல மாறிடுதுன்னு சொன்னீங்க. கருமுட்டையும் மாறுதாங்க?"

அந்தச் சொல் ஒலிபெருக்கியில் ஷெட்டைத் தாண்டித் தெருவுக்குப் போனது. பெண்கள் முக்காட்டை இழுத்துவிட்டார்கள். ஆண்கள் தகரக் கூரையை ஆராய்ந்தார்கள்.

"நான் எங்கம்மா வயித்துல இருக்கிறப்பவே அதெல்லாம் உண்டாயிட்ச்சாம். அப்பால புதுசே வராதாம். அப்போ எனக்குள்ள இருக்கிற குழந்தை புது ரத்தமா, பழைய ரத்தமா? இதுக்கு மட்டும் பதில் சொல்லுங்க. நான் இறங்கிடறேன்."

"இது ரொம்ப ஆழமான கேள்வி" என்றார் பாஸ்டர். ஆழமான கேள்விகளை அவர் எப்போதும் பக்கத்து ஆளிடம் தள்ளிவிடுவார். "நம்ம விஞ்ஞானி பதில் சொல்லுவாரு!"

இளஞ்செழியன் எழுந்தார். பொன்னாடை ஒரு பக்கம் சரிந்தது.

"எனக்கு மண்ணு மட்டும்தாங்க தெரியும்" என்றார்.

அந்த அரங்கில் அன்று சொல்லப்பட்ட ஒரே விஞ்ஞான உண்மை அதுதான். பாஸ்டர் அதையும் விடவில்லை. "மண்ணு! கேட்டீங்களா சபையாரே? மனுஷன எதுல உண்டாக்கினாரு? மண்ணுல! விஞ்ஞானி வாயாலயே வந்துடுச்சு!"

அல்லேலூயா என்று கூரை அதிர்ந்தது. பரிமளா மட்டும் மைக்கை விடாமல் நின்றாள். "பதில் வர்லீங்களே" என்றாள்.

கைதட்டலின் சூட்டில் பாஸ்டருக்கு ஒரு வேகம் வந்துவிட்டது. "பதில் தானே? செவ்வாய்க்கிழமை இந்தச் சகோதரி வேலூர் போய் டெஸ்ட் எடுக்கட்டும்! நானே அனுப்புறேன்! அந்த ரிப்போர்ட்டை இதே திரையில போடுவோம். விஞ்ஞானமே வந்து வேதத்துக்குச் சாட்சி சொல்லட்டும்!"

மூன்று நாள் முன்பு அவிசுவாசமாக இருந்த பரிசோதனை இப்படியாக ஊழியமாகிவிட்டது. அதனால் தனசேகரனும் செவ்வாய்க்கிழமை பஸ் ஏறினான். பரிமளாவுக்கு அது போதும். எந்த வாசல் வழியாக வந்தால் என்ன, அவன் வந்தான். ஊசி இறங்கியபோது அவன் கையைத்தான் நகம் பதியப் பிடித்திருந்தாள்.

பத்து நாளில் மதிவதனி போன் செய்தாள். "பவித்ராவுக்கு வந்தது இந்தக் குழந்தைக்கு இல்லீங்க."

தனசேகரன் குத்திக்கொண்டிருந்த அட்டையின் மேலேயே முகத்தை வைத்து அழுதான். பரிமளா போனை வாங்கினாள்.

"அப்போ அந்த ஏழு வருஷம்..."

"அதுக்கும் இதுக்கும் சம்பந்தமில்லீங்க. நாலுல மூணு தடவை நல்லாத்தான் இருக்கும். எப்போ பெத்துக்கினு இருந்தாலும் அதே கணக்குதான். இன்னொரு ரிப்போர்ட் பாக்கி இருக்கு, ரெண்டு வாரம் ஆகும். அதுவரைக்கும் யாருக்கும் சொல்லிகினு இருக்காதீங்க."

அவள் இதைச் சொல்லி முடிப்பதற்குள் தனசேகரன் பரிமளாவின் போனிலிருந்து பாஸ்டருக்கு வாட்ஸ்அப் அனுப்பியிருந்தான்.

அந்த ஞாயிறு ரிப்போர்ட் திரையில் ஏறியது. மறுவாரம் அதைக் கையேடாக அச்சடித்தார்கள். அட்டைப்படத்தில் தனசேகரனும் பரிமளாவும், நடுவில் பாஸ்டர், அவர் தலைக்குப் பின்னால் பூமி உருண்டை. முள்ளிப்பட்டில் மாமன் மகளைக் கட்டியிருந்த ஒரு தம்பதி அதைப் படித்துவிட்டு ஞானஸ்நானத்துக்குப் பெயர் கொடுத்தார்கள். டாக்டரிடம் போகலாமா என்று அவர்கள் கேட்டதற்கு, இப்போதைக்கு அவசரமில்லை, ஏழு வருடம் இருக்கிறதே என்று பாஸ்டர் சொன்னார். பரிமளாவின் அம்மாகூட வெகுநாளைக்குப் பிறகு கையைப் பார்ப்பதை விட்டுவிட்டு முருங்கைக்கீரை ஆய்ந்தாள்.

இரண்டாவது ரிப்போர்ட் வந்தபோது மதிவதனி போனில் எதுவும் சொல்லவில்லை. நேரில் வரச் சொன்னாள். முதலில் ஸ்கேன் எடுத்தார்கள். எடுத்த பெண் திரையைத் தன் பக்கம் திருப்பிக்கொண்டு, இதயத் துடிப்புச் சத்தம் வரும் பொத்தானை அணைத்தாள். அணைப்பதற்கு அங்கே சத்தம் எதுவும் இருக்கவில்லை.

"இது அந்த நோய் இல்லீங்க. வேற" என்றாள் மதிவதனி. "குரோமோசோம் ஒண்ணு கூடுதலா வந்திருக்கு. இது உங்க ரெண்டு பேர் வம்சத்துலேருந்தும் வந்ததில்ல. சொந்தத்துல கட்டினதாலயும் இல்ல. முட்டைக்கு வயசாயிட்டா சில சமயம் பிரியறதுல தப்பு வரும். இப்படி வந்தா பெரும்பாலும் தங்காதுங்க."

பரிமளா தலையாட்டினாள். தன் குற்றமில்லை என்று ஒருவர் காரணத்தோடு சொல்வதை அவள் வாழ்க்கையில் முதன்முறையாகக் கேட்டாள். கேட்க வேண்டிய நேரம் அது இல்லை.

தனசேகரன் மேசையின் விளிம்பைப் பிடித்துக்கொண்டு கேட்டான். "ஏழு வருஷம் முன்னாடியே பெத்துகினு இருந்தா?"

மதிவதனி தாள்களை அடுக்கினாள். அடுக்கி முடித்ததைக் கலைத்து மறுபடி அடுக்கினாள். "அப்போ இந்தத் தப்புக்கு வாய்ப்பு ரொம்பக் கம்மிங்க" என்றாள். சொன்ன பிறகு, சொல்லியிருக்க வேண்டாமோ என்று அவள் முகம் நினைத்தது.

இரண்டு நாள் ஆஸ்பத்திரியில் வைத்திருந்து அனுப்பினார்கள். இருவரும் ஆரணி பஸ் ஏறினார்கள். கண்ணமங்கலம் தாண்டும்போது தனசேகரன், "தண்ணி வேணுமா?" என்றான். பரிமளா வேண்டாம் என்றாள். அவ்வளவுதான்.

நாலாம் நாள் பாஸ்டர் வந்தார். உண்மையாகவே கலங்கித்தான் இருந்தார். செருப்பைக் கழற்றும்போது தடுமாறினார். கையேட்டின் மறுபதிப்பு இரண்டாயிரம் பிரதி கட்டோடு வந்து இறங்கியிருந்த கலக்கமும் அதில் கொஞ்சம் சேர்ந்திருக்கலாம். கண்ணை மூடி ஜெபித்தார். ஜெபத்தின் நடுவே இரண்டு தடவை குரல் உடைந்தது. அத்தோடு எழுந்து போயிருந்தால் அவரைப் பற்றி நல்லவிதமாக ஒரு வரியாவது எழுதியிருக்கலாம்.

"பிரதர், நான் உபவாசம் இருந்து யோசிச்சேன்" என்றார். பையிலிருந்து குறிப்புத்தாள் வெளியே வந்தது. "கொள்கையில தப்பு இல்ல. அந்த நோய் இல்லைன்னு ரிப்போர்ட்டே சொல்லிடுச்சு. தப்பு எங்கேன்னா, எண்ணினதுல. நீங்க எந்தத் தேதியிலேருந்து எண்ணினீங்க?"

"அவ ஞானஸ்நானத்துலேருந்துங்க."

"உங்களுது எப்போ?"

"எனக்கு அன்னைக்கு ஜுரம். அப்பால ஆத்துல தண்ணி இல்ல. தண்ணி வர அஞ்சு மாசம் ஆயிட்ச்சு."

பாஸ்டர் நெற்றியில் அடித்துக்கொண்டார். அவர் முகத்தில் நாலு நாளாக இல்லாத வெளிச்சம் வந்தது.

"அதான்! அஞ்சு மாசம் கொறைச்சலா எண்ணிட்டீங்க பிரதர்! பழைய செல்லு மிச்சம் இருந்திருக்கு. வேதத்துக்கும் விஞ்ஞானத்துக்கும் ஒரு முரண்பாடும் இல்ல. எண்ணினதுலதான் இடறல்."

தனசேகரன் அவரையே பார்த்தான். எண்ணிக்கையில் தப்பு என்றால் அவனுக்குப் புரியும். எண்ணிக்கையில் தப்பு என்றால் திருத்தலாம். ஆஸ்பத்திரியில் மேசை விளிம்பைப் பிடித்தபோது போன நிறம் அவன் முகத்துக்குக் கொஞ்சம் கொஞ்சமாகத் திரும்பியது.

"அப்போ இன்னா பண்றதுங்க பாஸ்டர்?"

"ரெண்டு பேரும் ஒண்ணா, இன்னைலேருந்து புதுசா எண்ணுங்க. ஏழே வருஷம்."

தனசேகரன் தலையை ஆட்டினான். உள்ளறையில் படுத்திருந்த பரிமளா பக்கம் திரும்பி, "கேட்டியா?" என்றான்.

பரிமளாவுக்கு வயது நாற்பது.